இரண்டாம் பதிப்பு ஆற்றோடு போயிற்று

அண்ணன் பையனுக்கு ஆறாம் பதிப்பு வேண்டுமாம். ஐந்தாம் பதிப்பு அவன் மேஜைமேல்தான் கிடக்கிறது. அடுக்களைப் பக்கம் வைத்தால் அம்மிக்கல் என்று நினைத்து யாராவது மிளகாயை வைத்து அரைத்துவிடுவார்கள், அவ்வளவு கனம். டிஸ்னி ஸ்டூடியோவின் எலி, வாத்து, இளவரசி, சூனியக்காரி, படம், பாட்டு எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கிய கலைக்களஞ்சியம். தொகுத்தவர் டேவ் ஸ்மித். ஸ்டூடியோவின் பழைய காகிதங்களைக் கட்டிக்காப்பதற்கென்றே 1970இல் வேலைக்குச் சேர்ந்து, 40 வருஷம் அதையே செய்த மனிதர். முதல் பதிப்பு 1996இல் வந்தது. 2016க்குள் ஐந்து பதிப்பு ஆகிவிட்டது. 2019இல் அவர் காலமானார். அத்தோடு நின்றுவிடும் என்று பார்த்தால், ஸ்டீவன் வாக்னினி என்பவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து 2023இல் ஆறாம் பதிப்பையும் கொண்டுவந்துவிட்டார்.

“அஞ்சாவதுதான் இருக்கேடா?”

“அது பழசு சித்தப்பா. 2016க்கு அப்புறம் வந்த படம் ஒண்ணுகூட அதுல கிடையாது.”

“எலி அதே எலிதானே?”

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் பார்த்தான். ‘உன்னிடம் பணம் கேட்டேனே, அதைச் சொல்’ என்ற பார்வை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, புதுப் பதிப்பு என்பதை என்னமோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறான். இந்த ஊரைச் சுற்றியே ஒரு நூலுக்கு ஆறு விளக்கம் வந்தது. அதில் ஒன்று வெள்ளத்தில் போயிற்று. ஒன்று கரையானுக்குப் போயிற்று. ஒன்று பறிமுதல் ஆயிற்று. ஒன்றை எழுதியவர் சமையல்காரர். இதெல்லாம் தெரியாமல் இவன் எலிக்கு ஆறாம் பதிப்புக் கேட்கிறான்.

மூல நூல் திருவாய்மொழி. நம்மாழ்வார் பாடியது, 1,102 பாசுரம். விளக்கங்களின் பெயர்கள்தான் வேடிக்கை. ஆறாயிரப்படி, ஒன்பதாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி. புத்தகத்துக்குப் பெயர் வைத்த மாதிரி இல்லை, அரிசி மண்டிக் கணக்கு எழுதின மாதிரி இருக்கும். காரணம் இதுதான். ஓலைச்சுவடிக்குப் பக்க எண்ணை நம்ப முடியாது. ஒருவர் ஓலை முழ நீளம், இன்னொருவர் ஓலை சாண் நீளம். அதனால் எழுத்தை எண்ணினார்கள். 32 எழுத்து ஒரு படி. மெய்யெழுத்து கணக்கில் சேராது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளியே வைக்காத காலம். வைக்காத புள்ளிக்கு என்ன கணக்கு? ஆக, ஆறாயிரப்படி என்றால் 1,92,000 எழுத்து. அத்தனையும் எழுத்தாணியால் கீறியது. டேவ் ஸ்மித் புத்தகத்தை ‘ரெண்டரைக் கிலோ’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரிதான் இது.

முதலில் ஒரு சண்டை. சண்டை இல்லாமல் ரசிகர் கூட்டம் ஏது? ராமானுஜர் ஸ்ரீரங்கத்தில் குடியேறி, ஊரே விழுந்து சேவிக்கும் நிலையில் இருக்கிறார். அப்படிப்பட்டவர் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பாடம் கேட்க மாணவனாகப் போய் உட்கார்ந்தார். ஆண்டான், தம் ஆசிரியர் ஆளவந்தார் சொன்ன பொருளை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டு போகிறவர். மாணவரோ நடுநடுவே “இதற்கு இப்படியும் ஒரு பொருள் சொல்லலாமே” என்கிறார். ஒரு தடவை பொறுத்தார், இரண்டு தடவை பொறுத்தார். ஆளவந்தார் வாயிலிருந்து நான் கேட்காத பொருள் எனக்கு வேண்டாம், இது விசுவாமித்திரர் தன்னிஷ்டத்துக்குப் படைத்த சொர்க்கம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சுவடியைக் கட்டி வைத்துவிட்டார். பாடம் நின்றது. சமாதானம் பேசத் திருக்கோஷ்டியூர் நம்பி வந்தார். என்ன பொருள் சொன்னார் என்று கேட்டார். ஆண்டான் சொன்னார். நம்பி நிதானமாக, “இதை ஆளவந்தாரே சொல்லி நான் கேட்டிருக்கிறேனே” என்றார். ஆண்டானுக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் லீவு போட்ட அன்று வாத்தியார் நடத்திய பாடம் போலிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, நீங்களே ஒரு விளக்கம் எழுதிவிடுங்கள் என்று சீடர்கள் ராமானுஜரைக் கேட்டால், அவர் மாட்டேன் என்றார். பிரம்ம சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் எழுதிய கை, தமிழுக்கு மட்டும் ஏன் மடங்கிற்று? நான் எழுதிவிட்டால், அவ்வளவுதான் பொருள், இதற்குமேல் ஒன்றுமில்லை என்று பின்னால் வருகிறவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்றாராம். முதல் பதிப்பு வருவதற்கு முன்னாலேயே அடுத்த பதிப்புகளுக்கு இடம் விட்டவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். வேலையைத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் தலையில் கட்டினார். பிள்ளான் அதை விஷ்ணுபுராணத்தின் அளவுக்கு எழுதி முடித்தார். அதுதான் ஆறாயிரப்படி.

இரண்டாம் பதிப்புக்கு மைசூர்ப் பக்கத்திலிருந்து ஆள் வந்தார். மேல்கோட்டைப் பக்கத்தில் மாதவர் என்று ஒரு பெரிய அத்வைதப் பண்டிதர். ராமானுஜருக்குப் பின் பீடத்துக்கு வந்த பராசர பட்டர் அங்கே போய், சாப்பாட்டுப் பந்தியில் நின்றுகொண்டு, எனக்குச் சோறு வேண்டாம், வாதம்தான் பிச்சை வேண்டும் என்று கேட்டார். நாள்கணக்கில் வாதம் நடந்தது. பண்டிதர் தோற்றார். ஆனால் உடனே கிளம்பவில்லை. வீடு, வாசல், இரண்டு மனைவிமார் இருக்கிறார்களே. கொஞ்ச காலம் கழித்துச் சொத்தை மூன்று பங்காக்கி, மனைவிமாருக்கு ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டு, ஆசாரியனுக்கு மூன்றாம் பங்கை எடுத்துக்கொண்டு, காவி கட்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார். பட்டர் “நம் ஜீயர் வாரும்” என்றார். அன்றிலிருந்து அவர் நஞ்சீயர். அவர் எழுதியது ஒன்பதாயிரப்படி, ஸ்ரீபாஷ்யத்தின் அளவு.

எழுதினார் சரி. அதை நல்ல கையெழுத்தில் பிரதி எடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது? நம்பூர் வரதராசன் என்ற இளைஞனின் பெயரைச் சொன்னார்கள். நஞ்சீயருக்கு யோசனை, கையெழுத்து அழகாக இருந்தால் போதுமா, விஷயம் தெரிய வேண்டாமா? அதனால் முழுவதையும் ஒரு தடவை அவனுக்குப் பாடம் சொல்லி, அப்புறம்தான் சுவடியைக் கையில் கொடுத்தார். இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு முன்யோசனை இல்லையென்றால் ஒன்பதாயிரப்படி இன்றைக்குக் கிடையாது.

ஊரில் போய் நிம்மதியாக உட்கார்ந்து எழுதலாம் என்று வரதராசன் புறப்பட்டான். ஸ்ரீரங்கத்தை விட்டு எந்தத் திசையில் கிளம்பினாலும் ஆறு வந்து நிற்கும். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம். இப்போது நமக்குப் பாலம் இருக்கிறது, பாலத்தில் டிராஃபிக் இருக்கிறது. அவனுக்கு இருந்தது காவிரியும் இரண்டு கையும்தான். சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினான். நடுவில் ஆழமான இடம். ஒரு அலை வந்தது. தலை கரைக்கு வந்தது, தலைமேல் இருந்தது வரவில்லை.

உலகத்தில் இருந்த ஒரே பிரதி. நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? அக்கரையோடு அக்கரையாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு மளிகைக்கடை வைப்போம். வரதராசன் வெற்று ஓலையை எடுத்துவைத்துக்கொண்டு, கேட்ட பாடத்தை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தான். எழுதியதோடு நிற்கவில்லை. தமிழில் தேர்ந்தவனல்லவா? சில இடத்தில் வாத்தியார் சொன்னதைவிட இன்னும் கொஞ்சம் நயமாகத் தோன்றிற்று. அதையும் சேர்த்துவிட்டான்! மூலப்பிரதியைத் தொலைத்த குற்றம் போதாதென்று, திருத்திய பதிப்பு வேறு.

நஞ்சீயர் சுவடியைப் பிரித்தார், படித்தார். நாம் எழுதியதுதான். ஆனால் அங்கங்கே நாம் எழுதாதது இருக்கிறதே? என்ன நடந்தது என்று கேட்டார். பையன் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொன்னான். அவர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டு “நம் பிள்ளை” என்றார். நம்பிள்ளை ஆகிவிட்டான். இரண்டாம் பதிப்பு ஆற்றோடு போனது; இரண்டாம் பதிப்பின் திருத்திய பதிப்புதான் நம் கையில் இருக்கிறது. நகல் எடுக்கக் கொடுத்தவனிடமே ஆசிரியர் பீடத்தையும் ஒப்படைத்தார் நஞ்சீயர்.

நம்பிள்ளை பேச ஆரம்பித்தால் வீதி கொள்ளாது. சொற்பொழிவு முடிந்து கூட்டம் கலைவதைப் பார்த்து, இது நம்பெருமாள் கோஷ்டியா, நம்பிள்ளை கோஷ்டியா என்று கேட்டார்களாம். உற்சவரான நம்பெருமாள் புறப்பாட்டுக்கு வந்த கூட்டமா, இவர் பேச்சுக்கு வந்த கூட்டமா என்று தெரியவில்லை. போட்டிக் கடைக்குக் கூட்டம் சேர்ந்தால் முதலாளிக்கு எப்படி இருக்கும்? மூலஸ்தானத்தில் ஆதிசேஷன்மேல் படுத்திருக்கிற பெரிய பெருமாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுதையால் ஆன திருமேனி; திருமஞ்சனம்கூடக் கிடையாது, தைலக்காப்புத்தான். அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நம்பிள்ளை என்ன சொல்கிறார் என்று எட்டிப் பார்த்தாராம். அசையாததை அசைய வைப்பதுதான் அனிமேஷன் என்றால், இதை முதலில் எழுத வேண்டும் அந்த ஆறாம் பதிப்பில்.

ஆனால் பெருமாளால் ரொம்ப நேரம் எட்டிப் பார்க்க முடியவில்லை. விளக்கேற்றும் கைங்கரியம் செய்கிற திருவிளக்குப் பிச்சன் பார்த்துவிட்டார். அர்ச்சாவதாரமாக இருக்கிறேன், அசையமாட்டேன், பேசமாட்டேன் என்று ஒத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டு, இப்போது இதென்ன என்று அதட்டி, திரும்பப் போய்ப் படுக்க வைத்துவிட்டார். கோயில்களில் இன்றைக்கும் விளக்குக்காரரிடமும் சாவிக்காரரிடமும் யாரும் வாய் கொடுப்பதில்லை. அதற்கு ஆதாரம் வேண்டுமானால் இதோ இருக்கிறது.

இதெல்லாம் குருபரம்பரை நூல்களில் உள்ளது. எழுதியவர்கள் அத்தனை பேரும் பரம ரசிகர்கள். ரசிகன் சொல்வதில் எவ்வளவைத் தள்ளுபடி செய்வது என்பது அவரவர் பாடு. எனக்குத் திருவிளக்குப் பிச்சனைத் தள்ள மனசு வரவில்லை.

நம்பிள்ளை காலத்தில்தான் பதிப்புகள் முறை வைத்துக்கொண்டு வந்தன. நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டர் என்று ஒருவர். கூரத்தாழ்வான் வம்சம். முதலில் நம்பிள்ளையின் கூட்டத்தைப் பார்த்து வயிறெரிந்தவர்; பிறகு மனம் மாறி அவரிடமே வந்து சேர்ந்துவிட்டார். புதிதாக வந்து சேர்ந்த ரசிகருக்கு எப்போதும் வேகம் அதிகம். கேட்டதையெல்லாம் எழுதித் தள்ளினார். 1,25,000 படி! மகாபாரதத்தின் அளவு. 32ஆல் பெருக்கினால் சரியாக 40 லட்சம் எழுத்து. அதைச் சுமந்துகொண்டு வந்து நம்பிள்ளையின் முன்னால் வைத்தார். எப்படிச் சுமந்தார் என்று நூல்கள் சொல்லவில்லை, மாட்டுவண்டி இல்லாமல் முடிந்திருக்காது.

நம்பிள்ளை பார்த்தார். இத்தனை விரிவாக எழுதி வைத்துவிட்டால் நாளைக்கு எவன் ஆசிரியனைத் தேடி வருவான் என்றார். தண்ணீரைக் கொட்டிக் கரையானுக்குக் கொடுத்துவிட்டார். 40 லட்சம் எழுத்தும் கரையான் வயிற்றில். ஆற்றில் போன புத்தகத்தை மறுபடி எழுதியே பெயர் வாங்கியவர், கைக்குப் பத்திரமாக வந்த புத்தகத்தைத் தாமே அழித்தார். இதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை சமாதானம் கிடையாது. பட்டருக்கு எழுத்தாணி பிடித்த விரல் எத்தனை நாள் வலித்திருக்கும்!

அதன் பிறகு முறையாக அனுமதி கொடுத்துப் பெரியவாச்சான் பிள்ளையை எழுதச் சொன்னார். ராமாயணத்தின் அளவுக்கு இருபத்துநாலாயிரப்படி. இவர் நாலாயிரம் பாசுரத்துக்குமே உரை எழுதியவர், அதைத் தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

வடக்குத் திருவீதிப் பிள்ளை அனுமதியெல்லாம் கேட்கவில்லை. பகலில் பேச்சைக் கேட்பார். இரவில் வீட்டில் உட்கார்ந்து, கேட்டது மறக்காமலிருக்க எழுதி வைப்பார். சினிமாக் கொட்டகையில் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கு இவர்தான் மூதாதை. ஆனால் இவர் பிடித்த பிரதி மூலத்தைவிடத் தெளிவு. ஒரு நாள் நம்பிள்ளை அவர் வீட்டுக்கு எழுந்தருளினார். ஓலைக்கட்டு கண்ணில் பட்டது. பிரித்துப் படித்தார். தாம் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. மெச்சினார், ஆனால் என்னைக் கேட்காமல் செய்யலாமா என்று கட்டோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பறிமுதல்! கரையான் கதை தெரிந்தவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது.

இந்தத் தடவை மேல்முறையீடு நடந்தது. ஈயுண்ணி மாதவர் என்ற சீடர் நேரே பெருமாளிடம் போய் அழுதார். பெருமாள் அர்ச்சகர் வாயிலாக நம்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார், புத்தகத்தை மாதவரிடம் கொடு என்று. தாம்தான் எட்டிப் பார்க்க முடியவில்லை, எழுதியதாவது பிழைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அதுதான் முப்பத்தாறாயிரப்படி. ஈடு என்றும் சொல்வார்கள். ஈடு என்றால் இணை, கவசம், ஓலை என்று பண்டிதர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் ஈடு என்றால் இட்லிப் பானையிலிருந்து ஒரு தடவை இறக்குவது. எத்தனையாவது ஈடு என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் உட்காருவோம். முதல் ஈடு கொஞ்சம் கல்லாக இருக்கும். போகப் போகத்தான் பதம் வரும். பண்டிதர்கள் இந்தப் பொருளையும் ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் சமையல்காரர் பாக்கி. பெரியவாச்சான் பிள்ளையின் மடைப்பள்ளியில் ஒருவர் இருந்தார். 32 வயதுவரை எழுத்து வாசனையே கிடையாது. ஒரு படிக்கு 32 எழுத்து. இவரிடம் 32 வருஷத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் பண்டிதர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன நூல் பார்க்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். அவர்கள் கண்ணடித்துக்கொண்டு, ‘முசலகிசலயம்’ என்றார்கள். அதாவது உலக்கைக் கொழுந்து. உலக்கை எங்கே கொழுந்து விடும்? உனக்கும் படிப்புக்கும் அவ்வளவு தூரம் என்று அர்த்தம். தெரியாமல் இதை முதலாளியிடம் போய்ப் பெருமையாகச் சொல்ல, அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே உட்கார வைத்து எழுத்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். கரண்டி பிடித்த கை எழுத்தாணி பிடித்தது. கொஞ்ச காலத்தில் முசலகிசலயம் என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதி அந்தப் பண்டிதர்களிடம் காட்டினார். நமக்கெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்தபிறகு பாதி ராத்திரியில்தான் சரியான பதில் தோன்றும். இவர் புத்தகமாகவே போட்டுவிட்டார். வாதத்தில் எதிரிகளை வென்று வாதிகேசரி அழகியமணவாள ஜீயர் ஆனவர் இவர்தான். திருவாய்மொழிக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்ன பன்னீராயிரப்படி இவர் கைவேலை. மற்றவர்கள் ரசிகர்களுக்கு எழுதினார்கள். இவர் அகராதி இல்லாமல் தவிக்கிறவர்களுக்கு எழுதினார், தவித்தவரல்லவா.

1323இல் டில்லிப் படை வந்தது. அந்த வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன் பிள்ளை லோகாசாரியர், நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடினார். போகிற வழியிலேயே உயிர் விட்டார். பெருமாள் ஊர் ஊராகச் சுற்றி 1371இல்தான் திரும்பினார். ஈடும் இதற்குள் கைமாறிக் கைமாறி ஸ்ரீரங்கத்தைத் தாண்டிவிட்டது. காஞ்சிபுரத்தில் நாலூர்ப் பிள்ளை, அவர் மகன் நாலூர் ஆச்சான் பிள்ளை, அங்கிருந்து திருவாய்மொழிப் பிள்ளை, அவர் வழியாக ஆழ்வார்திருநகரி, அங்கே மணவாள மாமுனிகள். மாமுனிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்தார். ஈட்டில் வருகிற மேற்கோள்கள் எங்கெங்கிருந்து எடுத்தவை என்று தேடித் தொகுத்து வைத்தவரும் இவரே. எந்த ஆசிரியர் எத்தனை படி எழுதினார் என்று உபதேசரத்தினமாலையில் வெண்பாவாகவே பாடி வைத்தார். நூலகப் பட்டியலைத் தளை தட்டாமல் எழுத எத்தனை லைப்ரேரியனால் முடியும்?

1430களில் பெருமாளே உத்தரவு போட்டார்: ஈட்டை என் முன்னால் பாடம் சொல், அதுவரை உற்சவம் எதுவும் வேண்டாம். ஓராண்டு நடந்தது என்கிறார்கள். ஆவணி முதல் ஆனி வரை என்று எண்ணினால் பத்துப் பதினோரு மாதம். உற்சவத்தை நிறுத்தினால் ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்குப் பொழுது போகாது, மீதிப் பேருக்குப் பிழைப்பு ஓடாது. அதையும் பார்க்காமல் நிறுத்தினார். இந்தத் தடவை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. திருவிளக்குப் பிச்சன் காலமாகி வெகு நாளாயிற்று. நம்பெருமாளை முறைப்படி மண்டபத்துக்கே எழுந்தருளப் பண்ணி நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசி நாள் ஆனி மூலம். அர்ச்சகர் வீட்டு ஐந்து வயதுப் பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மாமுனிகளைப் போற்றி ஒரு சுலோகம் சொல்லிவிட்டு ஓடிப்போனான். கூப்பிட்டு மறுபடி சொல்லு என்றால் ஒன்றும் தெரியாமல் விழித்தான். வந்தது பெருமாள் என்று ஊர் முடிவு கட்டியது. இன்றைக்கும் பிரபந்தம் ஆரம்பிக்கும்போது தென்கலையார் முதலில் சொல்வது அந்தத் தனியன்தான்.

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அண்ணன் பையன் கேட்டான்:

“சித்தப்பா, அந்த 1,25,000 படியை யாராவது காப்பி எடுத்து வச்சிருக்க மாட்டாளா?”

ரசிகன்டா நீ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஆறாம் பதிப்புக்குப் பாதிப் பணம் தருகிறேன் என்றேன். மீதிப் பாதிக்கு ஐந்தாம் பதிப்பை விற்றுவிடு. பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தோம், இங்கிலீஷ் எலிக்கு இங்கே ஆள் இல்லை என்றார்கள். கடைசியில் அம்மாமண்டபம் ரோட்டில் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் தராசில் வைத்தார். முள் இறங்கி நின்றது.

“கிலோக்கணக்குதான் சார். ஆனா கெட்டி அட்டை இருக்குல்ல, அது கணக்குல சேராது.”

நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் புத்தகத்தைத் தராசிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஆறாம் பதிப்புக்கு முழுப் பணத்தையும் நானே கொடுக்கும்படி ஆயிற்று.